பிசின் தின்று வாழும் குரங்கு: பிக்மி மார்மோசெட் பற்றி ஓர் எளிய அறிமுகம்

ஒருவருடைய விரலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உருண்டைக் கண்களால் பார்க்கும் சின்னஞ்சிறு குரங்கின் படம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். 'விரல் குரங்கு' என்று பெயர் போட்டிருப்பார்கள். கீழே விளக்கங்கள் ஆளுக்கு ஒன்றாக இருக்கும். பிறந்து சில நாளே ஆன குட்டி என்பார் ஒருவர். தேவாங்கின் வெளிநாட்டு வகை என்பார் இன்னொருவர். கடைசியில், 'எங்கே கிடைக்கும், விலை என்ன?' என்று யாராவது கட்டாயம் கேட்டிருப்பார்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்த விலங்கு எப்படி வாழ்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதன் பெயர் பிக்மி மார்மோசெட். உலகிலேயே மிகச் சிறிய குரங்கு அதுதான். ஆனால் 'சின்னது, அழகானது' என்ற இடத்திலேயே நின்றுவிட்டால் அதைப் பற்றி ஒன்றுமே தெரிந்துகொள்ள முடியாது. அது என்ன தின்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதன் பல், நகம், குடல், வாழும் இடத்தின் அளவு, வீட்டில் வைத்தால் ஏன் நோயில் விழுகிறது என்பதெல்லாம் அந்த ஒரு விஷயத்திலிருந்தே விளங்கத் தொடங்கும்.

முதலில், இது யார்?

தென் அமெரிக்காவில் அமேசான் ஆற்றுப் படுகையின் மேற்குப் பகுதிதான் இதன் ஊர். பிரேசிலின் மேற்கு, பெரு, ஈக்வடார், கொலம்பியா, பொலிவியாவின் வடபகுதி ஆகிய இடங்களில் மட்டுமே இயற்கையாக வாழ்கிறது. நமக்குப் பக்கத்தில் தாய்லாந்திலோ சீனாவிலோ இது காட்டில் கிடையாது. அங்கிருந்து வரும் படங்களில் இருப்பவை எல்லாம் கூண்டில் இருப்பவை.

வளர்ந்த பிக்மி மார்மோசெட்டின் எடை 100 முதல் 140 கிராம் வரை. தலையும் உடலும் சேர்ந்து சுமார் 12 முதல் 15 செ.மீ. நீளம், வால் அதைவிட நீளம். படத்தில் விரலைப் பிடித்திருப்பது சில சமயம் உண்மையிலேயே குட்டியாக இருக்கும், பல சமயம் அது பேரப்பிள்ளை எடுத்த வயதில் இருக்கும். பிறந்த குட்டியின் எடை வெறும் 15 கிராம் அளவுதான்.

தேவாங்கு விஷயத்தையும் இங்கேயே தெளிவாக்கிவிடலாம். குரங்குகள், வாலில்லாக் குரங்குகள், மனிதர், தேவாங்கு, மடகாஸ்கரின் லெமூர் ஆகிய எல்லாம் சேர்ந்த பெரிய கூட்டத்துக்குப் பிரைமேட் என்று பெயர். அந்தப் பெரிய கூட்டத்துக்குள் குரங்கு என்பது ஒரு கிளை. தேவாங்கு வேறு கிளை. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்ப் பக்கம் சரணாலயம் அமைத்துக் காக்கப்படும் நம் தேவாங்கு பிரைமேட்தான், ஆனால் குரங்கு இல்லை. அது இரவில் நடமாடும். பிக்மி மார்மோசெட் பகலில் நடமாடும். உலகின் மிகச் சிறிய பிரைமேட் எது என்று கேட்டால் விடை மடகாஸ்கரில் உள்ள சுண்டெலி லெமூர்களில் ஒன்று. எடை சுமார் 30 கிராம். மிகச் சிறிய குரங்கு எது என்றால்தான் விடை பிக்மி மார்மோசெட்.

ஐரோப்பிய அறிவியலுக்கு இதை 1823இல் அறிமுகம் செய்தவர் ஜெர்மானிய இயற்கையியலாளர் ஸ்பிக்ஸ். நீண்ட காலம் இது ஒரே இனம் என்றுதான் எண்ணியிருந்தார்கள். அண்மைக்கால மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு இரண்டு இனங்களாகப் பிரித்திருக்கிறார்கள். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும், வாழ்க்கை முறையும் அப்படியே. அதனால் இந்தக் கட்டுரையில் இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

பாளை சீவுவதைப் போல ஒரு தொழில்

பனையேறி ஒருவர் வேலை செய்வதை நினைத்துப் பாருங்கள். அவர் மரத்தை வெட்டுவதில்லை. பாளையின் நுனியை மெல்லியதாகச் சீவிவிட்டு, கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறார். மாலையில் மறுபடி ஏறுகிறார், மறுபடி சீவுகிறார். சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து, சுரப்பு நின்றுவிடும். மரம் நன்றாகச் சுரக்கும் வரை அதே மரம். சுரப்பு குறைந்தால் அடுத்த மரம். எந்த மரம் எப்போது எவ்வளவு தரும் என்பது அவருக்கு மனப்பாடம்.

பிக்மி மார்மோசெட்டின் வாழ்க்கை பெரும்பாலும் இதுதான். மரத்தண்டில் தலைகீழாகவோ நேராகவோ ஒட்டிக்கொண்டு, கீழ்ப் பற்களால் பட்டையைச் சுரண்டி ஒரு சிறு குழி போடும். குழி ஆழமானதில்லை, உயிருள்ள பட்டை அடுக்கைத் தொடும் அளவுக்குத்தான். உடனே எதுவும் பெரிதாகக் கிடைக்காது. விட்டுவிட்டுப் போய்விடும். சில மணி நேரம் கழித்தோ மறுநாள் காலையோ வந்தால் குழியில் பிசின் ஊறியிருக்கும். அதை நக்கிவிட்டு, குழியின் விளிம்பை மறுபடி கொஞ்சம் சுரண்டிப் புதுப்பிக்கும். ஒரு குடும்பம் நெடுங்காலம் பயன்படுத்திய மரத்தில் இப்படி நூற்றுக்கணக்கான குழிகள் வரிசை வரிசையாக இருக்கும். அந்தக் காடுகளில் பிக்மி மார்மோசெட் எங்கே இருக்கிறது என்று தேடுபவர்கள் முதலில் தேடுவது குரங்கை அல்ல, அந்தக் குழி விழுந்த மரத்தண்டைத்தான்.

ஒப்புமை இந்த இடத்தோடு முடிகிறது. பனையில் வடிவது மரம் தன் வளர்ச்சிக்காக உள்ளே ஓடவிடும் இனிப்பு நீர். மார்மோசெட்டின் குழியில் பெரும்பாலும் ஊறுவது பிசின். அது வேறு பொருள், அதைச் செரிக்கும் வழியும் வேறு.

பிசின் என்றால் எது?

'மரச்சாறு குடிக்கும் குரங்கு' என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. மரத்திலிருந்து வடியும் எல்லாமே ஒன்றில்லை. மரத்துக்குள் குழாய்களில் ஓடும் நீர் போன்ற திரவம் சாறு. ரப்பர், எருக்கு போன்றவற்றில் வெள்ளையாக வடிவது பால். சாம்பிராணி போல, தண்ணீரில் கரையாமல் நெருப்பில் புகைவது குங்கிலிய வகை. பிசின் என்பது காயம்பட்ட இடத்தை அடைக்க மரம் சுரக்கும் கொழகொழப்பான பொருள். தண்ணீரில் கரையும் அல்லது ஊறி உப்பும். முருங்கையிலும் வேம்பிலும் வடிந்து காய்ந்திருப்பது இதுதான். ஜிகர்தண்டாவில் போடுகிற பாதாம் பிசினை இரவு ஊறவைத்தால் காலையில் பாத்திரம் நிறைய உப்பியிருக்கிறதே, அந்தக் குணம்தான் பிசினின் அடையாளம்.

வேதியியலாகப் பார்த்தால் பிசின் ஒரு சர்க்கரைச் சங்கிலி. ஆயிரக்கணக்கான சர்க்கரைத் துணுக்குகள் ஒன்றோடொன்று கோத்து, கிளைவிட்டு நிற்கும். சத்து உள்ளே இருக்கிறது, ஆனால் கோத்திருக்கும் விதம் சிக்கலானது. அரிசியிலுள்ள மாவுச்சத்தை உடைக்க நம் உடலில் நொதி இருக்கிறது. நொதி என்பது உணவைத் துண்டாக்க உடல் சுரக்கும் பொருள். பிசினின் சங்கிலியை உடைக்கும் நொதி நமக்கும் கிடையாது, பிக்மி மார்மோசெட்டுக்கும் கிடையாது.

அப்படியானால் எப்படிச் செரிக்கிறது? நுண்ணுயிர்களின் உதவியால். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் ஒரு பை போன்ற பகுதி உண்டு, சீக்கம் என்று பெயர். நமக்கு அது சிறியது. பிசின் தின்னும் குரங்குகளுக்கு உடல் அளவோடு ஒப்பிட்டால் பெரியது. பிசின் அங்கே தங்கி, அங்குள்ள பாக்டீரியாக்களால் மெல்லப் புளித்து உடைகிறது. அப்படி உடையும்போது உண்டாகும் அமிலங்களைத்தான் குரங்கின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது. இதற்கு நேரம் பிடிக்கும். தோசை மாவு மாதிரி ஒரே இரவில் புளித்துவிடும் என்ற கணக்கெல்லாம் இங்கே வேண்டாம். பிசினை வயிற்றில் நீண்ட நேரம் தங்கவைப்பதற்கென்றே அமைந்த குடல் அது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். பிசினோடு பூச்சிகளும் அதன் உணவு. வெட்டுக்கிளி, வண்டு, எறும்பு, சிலந்தி என்று பிடித்துத் தின்னும். புரதம் அதிலிருந்து கிடைக்கிறது. பூச்சிகளில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. பிசினில் கால்சியம் அதிகம். ஒன்றில் இல்லாதது மற்றொன்றில் இருக்கிறது. பழமும் பூந்தேனும் கொஞ்சம் உண்டு, ஆனால் அவை ஓரமாகத்தான். வாழைப்பழத்தைக் கையில் கொடுத்து எடுக்கும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் குடல்தான் நினைவுக்கு வரும்.

பல்லும் நகமும்

இந்தத் தொழிலுக்கு இரண்டு கருவிகள் தேவை: குழி போட ஓர் உளி, ஏணி இல்லாமல் தண்டில் நிற்க ஒரு பிடி.

உளி, கீழ்த்தாடையின் முன்பற்கள். பெரும்பாலான குரங்குகளுக்குக் கோரைப்பல் நீண்டும் வெட்டுப்பற்கள் குட்டையாகவும் இருக்கும். பிக்மி மார்மோசெட் உள்ளிட்ட மார்மோசெட் வகைக் குரங்குகளுக்குக் கீழ் வெட்டுப்பற்கள் கோரைப்பல்லின் உயரத்துக்கே வளர்ந்திருக்கும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. பல்லின் மேலே மூடியிருக்கும் கடினமான பூச்சுக்கு எனாமல் என்று பெயர். இவற்றின் கீழ் முன்பற்களில் உதட்டுப் பக்கம் எனாமல் தடிப்பாகவும், நாக்குப் பக்கம் மிக மெல்லியதாக அல்லது இல்லாமலும் இருக்கும். பின்பக்கம் சீக்கிரம் தேய, முன்பக்கம் தேயாமல் நிற்கும். அதனால் பல்லின் முனை எப்போதும் கூராகவே இருக்கும்.

பிடி, நகங்கள். நமக்கும் பெரும்பாலான குரங்குகளுக்கும் நகம் தட்டையானது. மார்மோசெட்டுக்கும் அதன் உறவான டாமரின் குரங்குகளுக்கும் கால் பெருவிரலைத் தவிர மற்ற எல்லா விரல்களிலும் நகம் வளைந்து கூராக, அணிலின் நகம் போல இருக்கும். கை சிறியது, பருத்த தண்டைச் சுற்றி வளைத்துப் பிடிக்க முடியாது. அதனால் பட்டையில் நகத்தைக் குத்தி நிற்கிறது. விரலைக் கட்டிப்பிடித்திருக்கும் படத்தில் நாம் 'பாசம்' என்று பார்ப்பது பெரும்பாலும் இந்தப் பிடிதான். கீழே விழாமல் எதையாவது இறுகப் பற்றிக்கொள்வது அதன் உடலில் ஊறிய பழக்கம்.

இவ்வளவு சிறிய உடல் ஏன்? மார்மோசெட்டுகளின் மூதாதையர் இப்போதுள்ளவற்றைவிடப் பெரியவையாக இருந்தன என்றும், தலைமுறை தலைமுறையாக இந்த வம்சம் சிறுத்து வந்திருக்கிறது என்றும் அறிவியலாளர்கள் கருதுகிறார்கள். தண்டில் ஒட்டி நிற்கவும், ஊறும் கொஞ்சம் பிசினை வைத்து ஒரு குடும்பமே வாழவும் சிறிய உடல் வசதிதான்.

இதுவரை பார்த்ததை ஒருமுறை சேர்த்துப் பார்ப்போம். பிக்மி மார்மோசெட் மரத்தில் குழி போட்டுப் பிசினை ஊறவைத்துத் தின்னும் குரங்கு. அதற்கேற்ற உளிப் பற்கள், குத்திப் பிடிக்கும் நகங்கள், பிசினைப் புளிக்கவைக்கும் குடல் ஆகியவை அதற்கு உண்டு. சாறு, பால், குங்கிலியம் ஆகியவற்றிலிருந்து பிசின் வேறுபட்டது.

ஒரு மரம், ஒரு குடும்பம்

பெரிய குரங்குகள் உணவுக்காக ஒரு நாளில் கிலோமீட்டர் கணக்கில் சுற்றும். பிக்மி மார்மோசெட் குடும்பத்தின் மொத்த எல்லையே பெரும்பாலும் அரை ஹெக்டேருக்குள், அதாவது ஒன்றேகால் ஏக்கருக்குள் அடங்கிவிடும். பல குடும்பங்களுக்கு அதைவிடவும் குறைவு. நடுவில் முக்கியமான பிசின் மரம் ஒன்று, சுற்றிலும் துணை மரங்கள் சில. அந்த மரம் வற்றும் வரை அங்கேதான் வாழ்க்கை. வற்றினால் குடும்பமே வேறு இடத்துக்குப் பெயர்ந்துவிடும்.

இந்த மரங்கள் பெரும்பாலும் ஆற்றங்கரையில், மழைக்காலத்தில் வெள்ளம் ஏறி இறங்கும் காடுகளில் இருக்கின்றன. ஈக்வடாரின் அமேசான் பகுதியில் ஸ்டெல்லா டி லா டோரே, சார்ல்ஸ் ஸ்னோடன் முதலிய ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக இந்தக் குரங்குகளைக் கவனித்து வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதில் எனக்கு மிகவும் பிடித்தது இது: ஒரே நாட்டுக்குள் வெவ்வேறு இடங்களில் வாழும் கூட்டங்களுக்கு விருப்பமான மரம் வெவ்வேறு. ஒரு கூட்டம் நம் கொடுக்காப்புளியின் உறவான இங்கா மரத்தை விரும்பினால், இன்னொரு கூட்டம் செட்ரெலா மரத்தை விரும்புகிறது. எந்த மரம் அங்கே அதிகம் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து இந்த விருப்பத்தை விளக்கிவிட முடியவில்லை. குட்டிகள் பெரியவர்களைப் பார்த்து எந்த மரத்தைச் சுரண்ட வேண்டும் என்று பழகிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது.

நாள் எப்படிப் போகும் என்றால், விடிந்ததும் முதல் வேலை பிசின் மரம்தான். இரவெல்லாம் குழிகளில் ஊறியது காத்திருக்கும். நடுப்பகலில் பூச்சி வேட்டை, ஓய்வு, ஒன்றுக்கொன்று பேன் பார்ப்பது போல உரோமம் கோதிவிடுவது. பிசினைத் தேடி வரும் வண்ணத்துப்பூச்சிகளையும் சில சமயம் பிடித்துவிடும். மாலையில் மறுபடி பிசின் மரம். பொழுது சாய்வதற்குள் கொடிகள் அடர்ந்த இடத்தில் குடும்பமாக ஒன்றையொன்று ஒட்டிப் படுத்துவிடும்.

பருந்து, பாம்பு, காட்டுப்பூனை என்று இதைத் தின்ன ஆள் நிறைய. எதிர்த்து நிற்கும் அளவு உடம்பில் இல்லை. அசையாமல் உறைந்து நிற்பதும், தண்டின் மறுபக்கம் நழுவிவிடுவதும்தான் அதன் தற்காப்பு. உரோமத்தின் பழுப்பும் கருமையும் கலந்த நிறம் மரப்பட்டையோடு சேர்ந்துவிடும். தலையைப் பின்பக்கம் வரை திருப்ப முடிவதால் தண்டில் ஒட்டியபடியே முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்த்துக்கொள்ளும்.

தந்தை சுமக்கும் குட்டிகள்

குடும்பம் என்று சும்மா சொல்லவில்லை. ஒரு கூட்டத்தில் இரண்டு முதல் ஒன்பது வரை இருக்கும். அதில் குட்டி போடும் பெண் பொதுவாக ஒன்றுதான். அதனோடு ஓரிரு வளர்ந்த ஆண்கள், மற்றவை பெரும்பாலும் முந்தைய ஈற்றுகளில் பிறந்த பிள்ளைகள்.

கருக்காலம் சுமார் நாலரை மாதம். பெரும்பாலும் இரட்டைக் குட்டிகள். குரங்குகளில் இது அபூர்வம். மார்மோசெட், டாமரின் வம்சத்துக்கு இதுவே வழக்கம். இரண்டு குட்டிகளும் சேர்ந்து 30 கிராம் என்றால், 120 கிராம் எடையுள்ள தாயின் எடையில் கால் பங்கு. அறுபது கிலோ எடையுள்ள ஒரு பெண் மொத்தம் 15 கிலோ எடையுள்ள இரட்டையரைப் பெற்றெடுப்பதாக எண்ணிப் பாருங்கள். அதோடு, குட்டி போட்ட சில வாரங்களிலேயே அந்தத் தாய் மறுபடி கருத்தரிக்க முடியும். ஒரே நேரத்தில் பாலும் கொடுத்து, அடுத்த ஈற்றையும் வயிற்றில் வளர்க்கும். இதற்கு மேல் இரண்டு குட்டிகளையும் முதுகில் சுமந்துகொண்டு மரம் சுரண்டவும் பூச்சி பிடிக்கவும் அதற்கு முடியாது.

அதனால் சுமப்பது மற்றவர்களின் வேலை. தந்தை சுமக்கும், அண்ணன் அக்காக்கள் சுமக்கும். தாயிடம் பால் குடித்து முடித்ததும் குட்டி இன்னொரு முதுகுக்கு மாறிவிடும். உணவு தேடும்போது பாதுகாப்பான ஓர் இடத்தில் குட்டிகளை விட்டுவிட்டு, அருகிலேயே சுற்றி வருவதும் உண்டு. பெற்றவர்கள் மட்டுமல்லாமல் கூட்டத்தில் உள்ள மற்றவர்களும் சேர்ந்து குட்டிகளை வளர்ப்பதற்குக் கூட்டு வளர்ப்பு என்று பெயர். பாலூட்டிகளில் இது அரிது.

மூத்த பிள்ளைகள் தாமும் குட்டி போடாமல் ஏன் தங்கிவிடுகின்றன என்று கேட்கலாம். பிசின் மரம் ஒன்றுதான். தனியே போனால் புது மரமும் துணையும் தேட வேண்டும். அதுவரை உயிரோடு இருக்க வேண்டும். தங்கினால் பாதுகாப்பு உண்டு, குட்டி வளர்க்கும் பழக்கமும் கிடைக்கும். மார்மோசெட் வம்சத்தில் குட்டிகளைச் சுமந்து பழகாமல் வளர்ந்தவை பிற்காலத்தில் தம் குட்டிகளைப் பேணத் தடுமாறுவது கூண்டுகளில் தெரியவந்திருக்கிறது.

காட்டில் கேட்கும் சின்னக் குரல்கள்

அடர்ந்த இலைகளுக்கு நடுவே 120 கிராம் விலங்கு ஒன்று தன் குடும்பத்தைக் கண்ணால் தேடிக்கொண்டிருக்க முடியாது. குரல் மூலம்தான் எல்லாரும் ஒன்றாக இருக்கிறார்கள். ஆனால் குரல் கொடுத்தால் பருந்துக்கும் கேட்கும். இந்தச் சிக்கலை அவை தீர்த்த விதம் அழகானது.

அருகில் இருக்கும் உறவுக்கு மெல்லிய, நடுங்கும் ஒலி ஒன்று உண்டு. ட்ரில் என்று பெயர். தூரம் போனால் காட்டில் சிதையாமல் போய்ச்சேரும் வேறு குரல். இன்னும் தூரம் போனால் நீண்ட அழைப்பு. பக்கத்தில் இருப்பவரிடம் பேச, எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கக் கடினமான ஒலி. தொலைவில் இருப்பவருக்கு இடம் எளிதில் தெரியும் ஒலி. தேவைக்கு மேல் ஊருக்கெல்லாம் கேட்கும்படி கத்துவதில்லை.

குட்டிகள் இன்னும் சுவாரசியம். முதல் சில வாரங்களில் பெரியவர்களின் பல்வேறு ஒலிகளைத் துண்டு துண்டாகக் கோத்து, சம்பந்தமே இல்லாமல் நீளமாக உளறிக்கொண்டிருக்கும். நம் குழந்தைகளின் மழலையோடு ஆய்வாளர்கள் இதை ஒப்பிட்டிருக்கிறார்கள். உளறும் குட்டியைப் பெரியவர்கள் அதிகம் கவனிக்கிறார்கள், அருகே வருகிறார்கள், தூக்கிக்கொள்கிறார்கள். நாளாக ஆக ஒலிகள் தெளிவாகின்றன. வளர்ந்த பிறகும் குரல் முழுக்க இறுகிவிடுவதில்லை. ஓர் ஆணும் பெண்ணும் புதிதாக இணை சேர்ந்தால் சில வாரங்களில் இருவரின் ட்ரில் ஒலியும் ஒன்றையொன்று நெருங்கி வருவதை முன்பு சொன்ன ஸ்னோடனும் எலோசன் என்ற ஆய்வாளரும் பதிவு செய்திருக்கிறார்கள். ஈக்வடாரில் வெவ்வேறு இடங்களின் கூட்டங்களுக்கு வட்டார வழக்கு போலக் குரலில் வேறுபாடும் இருக்கிறது. படகுகளும் பயணிகளும் அதிகம் வரும் இடங்களில் அவற்றின் நடத்தை மாறுவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆக, இதன் வாழ்க்கைக்கு இரண்டு தூண்கள்: பிசின் மரம் ஒன்று, குடும்பம் ஒன்று. மரம் உணவைத் தருகிறது, குடும்பம் குட்டியைச் சுமக்கிறது, குரல் அவர்களை ஒன்றாகச் சேர்த்துவைக்கிறது.

அப்புறம், வீட்டில் வளர்க்கலாமா?

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம். வீட்டுக்கு வரும் பிக்மி மார்மோசெட்டுக்கு மேலே சொன்ன எதுவும் கிடையாது.

பிசின் இல்லை. பழமும் பிஸ்கட்டும் பாலும் கொடுப்பார்கள். அந்தக் குடல் அதற்கு அமையவில்லை. சுரண்ட மரமில்லை. உளி போல வளர்ந்த பல்லுக்கு வேலை இல்லாமல், அதை வெட்டியோ பிடுங்கியோ விடுகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால்தான் 'கடிக்காது' என்று விற்க முடியும்.

வெயில் இல்லை. தென் அமெரிக்கக் குரங்குகளுக்கு வைட்டமின் டி3 மிக அதிகம் தேவை. காட்டில் சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் மூலம் தோலிலேயே அது உண்டாகிறது. அறைக்குள் கூண்டில் வைத்தால் உண்டாகாது. கால்சியத்தை உடல் எடுத்துக்கொள்ள முடியாமல் எலும்பு மெலிந்து, வளைந்து, சின்ன அடியில் முறியும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம் இதற்கு உதவாது. கண்ணாடி அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும்.

நோய் வேறு. நம் உதட்டோரம் அவ்வப்போது கொப்புளம் வருகிறதே, அதற்குக் காரணம் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸ். நமக்கு ஒரு வாரத்தில் ஆறிவிடும். மார்மோசெட்டுக்கு அது உயிரைக் குடிக்கும் நோய். அன்போடு கொடுக்கும் ஒரு முத்தம் போதும்.

குடும்பமும் இல்லை. குட்டியாகப் பிரித்து வந்தால்தான் பழகும் என்று வியாபாரிகள் சொல்வார்கள். பல முதுகுகளில் மாறி மாறிப் பயணம் செய்து, உளறி, பதில் குரல் கேட்டு வளர வேண்டிய வயதில் அது தனியாக இருக்கும். ஒரு நாள் முழுக்க நீங்கள் பக்கத்திலேயே இருந்தாலும் அந்த ட்ரிலுக்கு ட்ரிலால் பதில் சொல்ல உங்களால் முடியாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பிக்மி மார்மோசெட் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது. சைட்டிஸ் என்பது காட்டு உயிர்களை நாடுவிட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம். இந்தியா 1976 முதல் அதில் இருக்கிறது. நம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, இந்த ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிருள்ள விலங்கை வைத்திருப்பவர் வனத்துறையிடம் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் வெளிநாட்டுச் சிறு குரங்குகளையும் பிற விலங்குகளையும் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை அடிக்கடி பறிமுதல் செய்வதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரும் இந்த உயிர்களில் சில வந்து சேரும்போதே இறந்திருக்கின்றன. பிழைத்தவற்றை வந்த ஊருக்கே திருப்பி அனுப்புவது வழக்கம். மார்மோசெட்டைப் பொறுத்தவரை பாங்காக் வந்த ஊரே தவிர சொந்த ஊரில்லை.

காட்டில் நிலைமை

இரண்டு இனங்களையும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அழிவை நோக்கிச் செல்லக்கூடியவை என்ற வகையில் வைத்திருக்கிறது. அமேசானில் காடு வெட்டுவதும், எண்ணெய் எடுப்பதும், கரையோரத்தில் குடியேறுவதும் காரணங்கள். இதற்கு இசைவான காடு ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. மனிதருக்குப் படகுத்துறை, வயல், ஊர் எல்லாம் தேவைப்படுவதும் அதே ஆற்றங்கரையில்தான்.

பிடித்து விற்பவர்களுக்கும் இதன் வாழ்க்கை முறையே வழிகாட்டிவிடுகிறது. குழி விழுந்த மரத்தைக் கண்டுபிடித்தால் போதும், மொத்தக் குடும்பமும் அந்த ஒன்றேகால் ஏக்கருக்குள் இருக்கும். விடியலிலும் மாலையிலும் அதே தண்டுக்கு வரும். குட்டியைப் பிடிக்கும்போது அதைச் சுமக்கும் பெரியதும் அகப்படும் அல்லது சாகும். ஏழெட்டுப் பேர் உள்ள குடும்பத்தில் சுமப்பவர் ஒருவர் குறைந்தால் அடுத்த ஈற்றின் இரட்டையரைத் தூக்க ஒரு முதுகு குறைகிறது.

ஒரு விஷயம் இவற்றுக்குச் சாதகம். கன்னிக்காடுதான் வேண்டும் என்று இவை அடம்பிடிப்பதில்லை. வெட்டி மீண்டும் வளர்ந்த காட்டிலும், ஊருக்குப் பக்கத்தில் உள்ள மரக்கூட்டத்திலும்கூட வாழ்கின்றன. பெரிய நிலப்பரப்பும் கேட்பதில்லை. ஈக்வடாரில் ஆற்றோரக் கிராமங்களின் அருகே உள்ள குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்க முடிந்ததே இதனால்தான். கரையோரத்தில் பிசின் மரங்களை வெட்டாமல் விட்டு, குட்டிகளைப் பிடிக்காமலும் இருந்தால், மனிதர் நடமாடும் இடத்துக்கு அருகிலேயே அவை தொடர்ந்து இருக்க முடியும்.